தட்டில் அவர்களுக்கும் ஒரு பங்கு: உணவு, குடல், எதிர்ப்பாற்றல் – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நோய் எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டப்பா ஏதேனும் உங்கள் கையில் இருந்தால், முதலில் அதைக் கீழே வைத்துவிடுங்கள். பெருக்குவது நல்லது என்று யார் சொன்னது? மகரந்தத் தூள் மூக்கில் பட்டதும் அடுக்கடுக்காகத் தும்முகிறோமே, அது எதிர்ப்பாற்றல் குறைந்ததால் வருவதல்ல; வேண்டாத இடத்தில் அது வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதால் வருவது. முடக்குவாதமும் முதல் வகை நீரிழிவும் காவல்காரன் வீட்டுக்காரரையே அடிப்பதால் வரும் நோய்கள். யாரை அடிக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்ற நிதானம் இல்லாத பலம் ஆபத்தானது. அந்த நிதானத்தை எதிர்ப்பு மண்டலம் பெருமளவு கற்றுக்கொள்ளும் இடம் குடல். நாம் சாப்பிடுவது அந்தப் பாடத்தில் நேரடியாகத் தலையிடுகிறது.

கீழே இருப்பது எட்டு வாரக் கணக்கு. தராசு வேண்டாம், மாத்திரை வேண்டாம். ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும்.

தொடங்குவதற்கு முன்: உள்ளே என்ன நடக்கிறது?

குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று பலரும் படித்திருப்போம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் மறுபடி அளந்து பார்த்தபோது சுமார் 32 சதுர மீட்டர்தான் தேறியது. பாதி இறகுப்பந்து மைதானம். மைதானம் சுருங்கினாலும் பிரச்சினை சுருங்கவில்லை. அவ்வளவு பரப்பையும் மூடியிருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள சுவர். அதற்கு இந்தப் பக்கம் நாம் விழுங்கிய வெளியுலகம், அந்தப் பக்கம் இரத்தம். இத்தனை மெல்லிய சுவருக்குக் காவல் பலமாக இருந்தே தீர வேண்டும். உடலின் எதிர்ப்பு செல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் குடலைச் சுற்றியே முகாமிட்டிருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திட்டுத்திட்டாக நிணநீர்த் திசுக்கள் இருக்கின்றன. 1677-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் அவற்றை விவரித்ததால் இன்றும் பேயர் திட்டுகள் என்றே பெயர். அவை காவல்படையின் பயிற்சிக்கூடங்கள் என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. அங்கே எம் செல்கள் என்ற தனி வகை செல்கள், குடல் வழியாகப் போகிறவற்றில் துளித்துளியாக மாதிரி எடுத்து உள்ளே கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளிருக்கும் வெள்ளணுக்கள் பார்த்துப் பழகுகின்றன: இது உணவு, இது நெடுநாள் குடித்தனக்காரர், இது திருடன். குடித்தனக்காரர்களுக்கென்று ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் நாள்தோறும் சில கிராம் அளவுக்குக் குடலுக்குள் சுரக்கிறது. அது அவர்களைக் கொல்வதில்லை. சுவரில் சாயாமல் நாலடி தள்ளி நிற்கவைக்கிறது.

குடித்தனக்காரர்கள் என்றது பாக்டீரியாக்களை. ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 200 கிராம் எடை. மனித செல்களைவிட அவை பத்து மடங்கு அதிகம் என்ற பழைய கணக்கு 2016-இல் திருத்தப்பட்டுவிட்டது. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்பதே இப்போதைய மதிப்பீடு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வசிக்கின்றன.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் அச்சாணி. நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்வதால்தான் அது பாக்டீரியாக்களுக்குப் பந்தியாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. உடலின் மற்ற செல்கள் பெரும்பாலும் இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையையும் கொழுப்பையும் நம்பியிருக்க, பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுக்கின்றன. அதாவது சுவருக்குக் கூலி கொடுப்பவர்கள் குடித்தனக்காரர்கள். அதே பியூட்டிரேட், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாவதற்கும் துணைபோகிறது என்பதை 2013-இல் எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின. காவல்படைக்குள் 'போதும், நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் படைத்த செல்கள் இவை.

பந்தி போடாவிட்டால் என்ன ஆகும்? அதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்தபோது பாக்டீரியாக்கள் பசிக்குக் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி சுலபமாகச் சுவரை எட்டியது. மனிதக் குடலில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து, காலையில் வெறும் வெள்ளை ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டால் எனக்கு உள்ளே யாரோ சுவரைச் சுரண்டுவது போல ஓர் எண்ணம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், ஆனால் எழுதுங்கள். அளவு முக்கியமில்லை, பெயர்தான் முக்கியம். வார முடிவில் எத்தனை வகைத் தாவர உணவுகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்: காய், பழம், கீரை, தானியம், பயறு, கொட்டை, விதை, மூலிகை எல்லாம் கணக்கில் சேரும். ஒரே பொருள் பத்து முறை வந்தாலும் ஒன்றுதான்.

நான் பலவிதமாகச் சாப்பிடுகிறவன் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தபோது 11 வந்தது. அதிலும் வெங்காயம், தக்காளி, கோதுமை ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா வேளையும் தலைகாட்டியிருந்தன.

கூடவே கழிப்பறைக் குறிப்பும் எழுதுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். மருத்துவர்களே இதற்குப் பிரிஸ்டல் அட்டவணை என்று ஏழு வகைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆட்டுப் புழுக்கை போலக் கெட்டியாக இருந்தால் முதல் வகை, வெறும் நீராகப் போனால் ஏழாவது வகை. நடுவில் மூன்றும் நான்கும் நல்ல அடையாளம். உணவை மாற்றும்போது எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இந்த ஒற்றை எண் சொல்லிவிடும்.

இரண்டு முதல் நான்காம் வாரம் வரை: நார்ச்சத்து, ஆனால் மெதுவாக

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கறி பழங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கையில் பிடிக்கும்படி சொன்னால்: வேகவைத்த பயறு ஒரு கோப்பையில் சுமார் 15 கிராம், தோலோடு ஓர் ஆப்பிளில் 4 கிராம், ஒரு கைப்பிடி பாதாமில் 3 கிராமுக்குச் சற்று மேல், ஓட்ஸ் 40 கிராம் எடுத்தால் 4 கிராம். வேகவைத்த வெள்ளையரிசிச் சோறு ஒரு கோப்பையில் ஒரு கிராம்கூடத் தேறாது. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பயறு வகைகள் எவ்வளவு பெரிய குறுக்குவழி என்பது தெரிந்துவிடும்.

அந்தக் குறுக்குவழியில்தான் நான் சறுக்கினேன். ஆர்வக்கோளாறில் முதல் நாளே இரண்டு வேளையும் கிண்ணம் நிறையப் பீன்ஸ் விதைகளைச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வயிறு மத்தளம். கால்சட்டையின் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அவஸ்தையை இன்னும் மறக்கவில்லை. உணவு என்னவோ நல்ல உணவுதான்; என் அவசரம்தான் வினை. பழக்கமில்லாத குடலில் திடீரென்று பந்தி போட்டால் நொதித்தலில் உண்டாகும் வாயு எங்கே போகும்? வாரத்துக்கு 5 கிராம் என்ற அளவில் ஏற்றுங்கள். ஒரு வாரம் காலையில் ஒரு பழம் கூடுதலாக. அடுத்த வாரம் மதியம் இரண்டு கரண்டிப் பயறு. அதற்கடுத்த வாரம் வெள்ளை மாவுக்குப் பதில் முழுத்தானியம். தண்ணீரையும் சேர்த்து ஏற்றுங்கள். தண்ணீர் குறைந்தால் நார்ச்சத்தே மலச்சிக்கலாகிவிடும்.

பயறைச் சமைக்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் கவனியுங்கள். சுருக்கம் நீங்கி இரண்டு மடங்காகப் பருத்திருக்கும். தண்ணீர் லேசாக மஞ்சளித்து, பாத்திரத்தின் ஓரமாக வெண்ணுரை கட்டியிருக்கும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் கிடையாது. பாக்டீரியாக்கள்தான் உடைக்கும், உடைக்கும்போது வாயுவும் வரும். ஆகவே ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புது நீரில் விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவையுங்கள். டப்பாவில் அடைத்த பயறு வாங்கினாலும் அதிலுள்ள நீரை வடித்து அலசுங்கள். சில வாரங்கள் கழித்து வயிறு பழகியபின் இந்த அளவுக்குக் கண்டிப்பு தேவைப்படாது.

இன்னொரு சின்ன லாபம்: வேகவைத்த உருளைக்கிழங்கையோ சோற்றையோ குளிரவைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, நார்ச்சத்து செய்யும் வேலையைச் செய்கிறது. சமைத்தவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே மணிக்கணக்கில் ஆறவிட்ட சோறு வேறு வகைக் கிருமிக்குப் பந்தியாகிவிடும்.

கூடவே: எண்ணிக்கையைக் கூட்டுங்கள்

பொதுமக்கள் அனுப்பிய மல மாதிரிகளை ஆராயும் அமெரிக்கக் குடல் திட்டம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 30-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைச் சாப்பிடுகிறவர்களின் குடலில், 10-க்குள் நிறுத்திக்கொள்கிறவர்களைவிடப் பலவிதமான பாக்டீரியாக்கள் இருந்தன. 30 என்பது மந்திர எண் அல்ல. 29 சாப்பிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. அந்த ஆய்வும் ஒரு தொடர்பைக் காட்டியதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஓர் எண் கண்முன் இருந்தால் கடையில் கை தானாகவே புதிய பொருளின் பக்கம் போகிறது. ஐந்து வகை விதைகளைக் கலந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். ஒரு கரண்டி தூவினால் ஐந்து சேர்ந்துவிடும். ஏமாற்று வேலைபோலத் தோன்றும். குடல் அப்படி நினைப்பதில்லை.

ஐந்தாம் வாரம்: புளிக்கவைத்த உணவு

நார்ச்சத்து இருக்கிறவர்களுக்குப் போடும் பந்தி. புளித்த உணவு புதிய விருந்தாளிகளை அழைத்து வருவது. 2021-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 ஆரோக்கியமான பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும் மற்றதற்குப் புளித்த உணவையும் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் வகைகள் பெருகவில்லை. அதைச் செரிக்கத் தெரிந்த பாக்டீரியாக்களே சிலரிடம் போதுமான அளவு இல்லாமலிருக்கலாம், 10 வாரம் போதாமலிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்று நிற்காமல் இரண்டையும் சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இலியா மெச்னிகோஃப், புளித்த பாலிலுள்ள பாக்டீரியாக்கள் ஆயுளை நீட்டும் என்று நம்பித் தாமும் குடித்துவந்தார். 71 வயதில் காலமானார். எதிர்ப்பாற்றல் ஆய்வின் முன்னோடியும் குடல் பாக்டீரியாக்களின் முதல் பெரிய பிரசாரகரும் ஒரே ஆள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: உயிர் இருக்கிறதா? தயிரோ, கெஃபிர் என்ற புளித்த பால் பானமோ என்றால் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கியது என்று உறையில் இருக்கிறதா பாருங்கள். புளித்தபின் சூடாக்கிப் பதப்படுத்தியிருந்தால் பாக்டீரியா செத்திருக்கும். வினிகரில் ஊறிய காய் புளிப்பாக இருக்குமே தவிர அது புளிக்கவைத்ததல்ல. உப்புநீரில் தானாகப் புளித்ததாக இருக்க வேண்டும். புளித்த மாவு ரொட்டியில் அடுப்பே எல்லோரையும் முடித்துவிடுகிறது. பழச்சுவை சேர்த்த தயிரில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சாதாரணத் தயிரில் நீங்களே பழத்தை நறுக்கிப் போட்டால் நார்ச்சத்தும் கூடவே வந்துவிடும். மூடியைத் திறந்ததும் மேலே தேங்கியிருக்கும் வெளிர் மஞ்சள் நீரைக் கொட்டாமல் கலக்கிவிடுங்கள், அதில் புரதம் இருக்கிறது.

நாளுக்கு இரண்டு கரண்டியில் தொடங்குங்கள். தலைவலி, முகச் சிவப்பு, அரிப்பு வந்தால் அதிலுள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருளாக இருக்கலாம், நிறுத்திவிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில் புளித்த காய்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம், ஏழாம் வாரங்கள்: குறைக்க வேண்டியவை

இங்கே நீட்டி முழக்க எதுவுமில்லை. இனிப்புப் பானங்கள், மது, பதினைந்து பொருள்களின் பெயர் அச்சிட்ட பாக்கெட் தின்பண்டங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழிக்க முயல்கிறவர்கள் பத்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்புகிறார்கள். தினமும் வழக்கமாக வாய்க்குப் போகும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், போதும்.

பாக்டீரியாவை மட்டுமே நினைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடவும் கூடாது. எதிர்ப்புப் புரதங்கள் உருவாகப் புரதம் வேண்டும். துத்தநாகம், இரும்பு, வைட்டமின் ஏ, டி ஆகியவற்றில் எது குறைந்தாலும் காவல் தளரும். குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது பெரிய பலன் தரும். இல்லாதபோது மேலே கொட்டுவதில் பலன் சொற்பம். துத்தநாக மாத்திரையை நெடுநாள் அளவுக்கு மீறி விழுங்கினால் உடலில் தாமிரம் குறைந்து, வெள்ளணுக்களே குறையும். வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டாலும் பொதுவாகச் சளி பிடிப்பது குறைவதில்லை. பெரியவர்களுக்கு அது நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைகிறது. ஐந்து நாள் சளியில் அரை நாள்கூட இல்லை.

புரோபயாடிக் மாத்திரை வேண்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கு வேண்டாம் என்பது என் பதில். புரோபயாடிக் என்பது ஒரு மருந்தின் பெயரல்ல. நூற்றுக்கணக்கான வெவ்வேறு நுண்ணுயிர்களுக்குப் பொதுவாகச் சூட்டிய பெயர். ஒரு குறிப்பிட்ட வகை ஒரு குறிப்பிட்ட வயிற்றுப்போக்குக்கு உதவினால், பக்கத்து டப்பாவிலிருப்பது உங்கள் எதிர்ப்பாற்றலுக்கு உதவும் என்று ஆகிவிடாது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிக நாள் பிடித்தது. வந்த விருந்தாளி பாயை விரித்துப் படுத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்கு இடம் ஏது? அதே சமயம், ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன என்பதும் உண்மை. முடிவை மருத்துவரிடம் விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வைரசால் வரும் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். அவசியமானபோது எழுதிக்கொடுத்தால், சொன்ன நாள்வரை தவறாமல் சாப்பிடுங்கள்.

யாருக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது?

உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் உயிருள்ள நுண்ணுயிர் மாத்திரைகளையும் வீட்டில் புளிக்கவைத்தவற்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவர்களுக்கு நல்ல பாக்டீரியாவும் இரத்தத்தில் இறங்கினால் நோய்க்கிருமிதான். குடல் குறுகல் உள்ளவர்களுக்கு நார்ச்சத்து அடைப்பை உண்டாக்கலாம். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குப் பயறும் வெங்காயமும் வலியைக் கிளப்பலாம். உணவியல் நிபுணரோடு சேர்ந்து திட்டமிடுவது நல்லது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் வந்தால், சோதிப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிடாதீர்கள். கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் சேதமாவது சீலியாக் நோய்; கோதுமையை நிறுத்தியபின் எடுக்கும் பரிசோதனை அந்த நோயைத் தவறவிட்டுவிடலாம்.

எட்டாம் வாரம்: திரும்பிப் பாருங்கள்

முதல் வாரம் எழுதியதைப் போலவே இன்னொரு வாரம் எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எத்தனை வகை கூடியது, வயிற்றின் எண் மூன்று நான்கில் நிற்கிறதா, உப்புசம் குறைந்ததா என்பவற்றைப் பார்க்கலாம். இத்தனை முறை வரவேண்டிய சளி வராமல் போனது என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். எட்டு வாரத்தில், ஒரே ஆளை வைத்து அதை அளக்க முடியாது. மலத்தை அனுப்பினால் பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் தரும் சோதனைகளுக்கும் இப்போதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எது ஆரோக்கியமான குடல் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே அளவுகோல் இன்னும் இல்லை. உணவை மாற்றினால் சில நாள்களிலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்குகிறது, பழைய உணவுக்குத் திரும்பினால் அதே வேகத்தில் பழையபடி திரும்பியும்விடுகிறது. அதனால் ஆயுளுக்கும் தொடர முடிகிற மாற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் எட்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். குறிப்பேட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கப்போகும் முதல் பத்துக் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் அதில் ஏற்கெனவே இருக்கும்.